அரை மீட்டர் நிலத்தில் இளவேனில்: பூச்சி, தரைச்செடி, காளான் கவனிக்கும் முறை

இளவேனிலைக் கவனிக்க அரை மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் உள்ள ஒரு துண்டு நிலம் போதும். நாளுக்கொரு புது இடம் தேடிப் போகிறவருக்கு நிறையப் படங்கள் கிடைக்கும். எது எப்போது வந்தது, எது போனது, எதைத் தொடர்ந்து எது வந்தது என்பதெல்லாம் ஒரே துண்டுக்கு வாரம் தவறாமல் திரும்பி வருகிறவருக்குத்தான் பிடிபடும். பூவுக்கு வரும் பூச்சி, மண்ணை ஒட்டிப் படரும் செடி, மழைக்குப் பின் முளைக்கும் காளான் ஆகிய மூன்றையும் தனித்தனி ஆர்வங்களாக வைத்துக்கொள்வது வழக்கம். ஒரே துண்டில் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விட்ட இடத்தில் மற்றொன்று தொடங்குவது தெரியும். குளிர்காலம் முடிந்து மண் சூடேறும் நிலப்பகுதிகளை மனத்தில் வைத்தே இங்கே பெரும்பாலும் எழுதியிருக்கிறோம். வெப்பமான நிலங்களில் செடி, பூச்சிப் பெயர்கள் மாறும், முறை மாறாது.

இடத்தைத் தேர்ந்தெடுப்பது

அதிகம் பூத்திருக்கும் இடத்தைப் பார்த்ததும் அங்கேயே முளையடிப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. இன்று பூவாக இருக்கும் இடம் மூன்று வாரத்தில் வெறும் இலையாகிவிடும். அப்போது “பூச்சிகள் குறைந்துவிட்டன” என்று எழுதுவோம். உண்மையில் குறைந்தது பூக்கள். வெயிலும் நிழலும் சந்திக்கும் ஓரமாகப் பாருங்கள்: ஒரு பக்கம் புல்வெளி, மறுபக்கம் மரமோ புதரோ, இடையில் கொஞ்சம் வெற்று மண், பக்கத்தில் மக்கும் கட்டையோ உதிர்ந்த இலையோ இருந்தால் நல்லது. வெயில் பக்கம் தேனீக்களைத் தரும், நிழல் பக்கம் காளான்களைத் தரும். அந்த ஓரத்தில் எந்த அரை மீட்டர் என்பதை முடிவு செய்ய, திரும்பி நின்று தோளுக்கு மேலாக ஒரு குச்சியை எறிந்து, விழுந்த இடத்தை எடுத்துக்கொள்ளலாம். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றினாலும், கண்ணின் ஓரவஞ்சனையை விலக்க இதைவிட எளிய வழி இல்லை.

பூச்சிமருந்து தெளிக்கும் இடம் வேண்டாம். பிறர் நிலமாகவோ பூங்காவாகவோ இருந்தால் அனுமதி கேளுங்கள், புல் வெட்டும் நாள் எது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். எட்டு வாரக் கவனிப்பை ஒரே காலையில் புல்வெட்டும் இயந்திரம் அழித்துவிடும்.

வேண்டிய பொருட்கள் கொஞ்சம்தான். 2 மீட்டர் கயிற்றின் இரு நுனிகளையும் முடிந்து, 50 செ.மீ.க்கு ஒரு முடிச்சு போட்டு, நான்கு முளைகளில் மாட்டினால் சதுரம் தயார். முடிச்சுக்கும் இணைப்புக்கும் போக, கயிறு 2 மீட்டருக்கு 20 செ.மீ. கூடுதலாக இருக்கட்டும். கயிறு சணல் நிறத்தில் இருப்பது முக்கியம். மஞ்சள், நீலம், வெள்ளை நிறக் கிண்ணங்களை வைத்துத்தான் ஆய்வாளர்கள் பூச்சிகளை ஈர்க்கிறார்கள். அதே நிறத்தில் நைலான் கயிறு கட்டினால், வழக்கமாக வராத பூச்சியையும் நீங்களே அழைத்துவிடுவீர்கள். இவற்றோடு 10 மடங்கு பெருக்கும் கை லென்ஸ், 15 செ.மீ. அளவுகோல், வெப்பமானி, ஒரு சின்னக் கண்ணாடி, காகிதப் பை, பென்சில். பேனா வேண்டாம். ஈரத்தில் மை பரவிவிடும்.

கை லென்ஸைப் பொருளுக்குப் பக்கத்தில் பிடித்துவிட்டு எட்டி நின்று பார்க்கிறார்கள் பலர். லென்ஸைக் கண்ணோடு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு, பொருளை அதை நோக்கிக் கொண்டு வாருங்கள். 10 மடங்கு லென்ஸில் சுமார் இரண்டரை செ.மீ. தூரத்தில் தெளிவு கிடைக்கும்.

பத்து நிமிட எண்ணிக்கை

பிரிட்டனின் மகரந்தச் சேர்க்கையாளர் கண்காணிப்புத் திட்டம் தன்னார்வலர்களுக்குச் சொல்லித்தரும் முறை இதே 50 செ.மீ. சதுரமும் 10 நிமிடமும்தான். எங்கும் செய்யக்கூடிய முறை. வானம் பாதிக்கு மேல் தெளிவாக இருந்தால் குறைந்தது 13 டிகிரி செல்சியஸ், மேகம் மூடியிருந்தால் குறைந்தது 15 டிகிரி இருக்க வேண்டும். மழையிலும், சிறு மரங்களே ஆடும் காற்றிலும் எண்ண வேண்டாம். காலை 10 மணிக்கு முன்பு ஈரம் காயாத பூக்களில் கூட்டம் இருக்காது.

உட்காரும் திசையைக் கவனியுங்கள். உங்கள் நிழல் சதுரத்தின் மேல் விழக்கூடாது. நிழல் நகர்ந்தாலே பூச்சி பறந்துவிடும், நிழல் விழுந்த பூவில் வெப்பமும் குறையும். உட்கார்ந்ததும் எண்ணத் தொடங்காமல் இரண்டு நிமிடம் அசையாமல் இருங்கள். அந்த நேரத்தில் பூக்களை எண்ணிவிடலாம். டேன்டேலியன் போன்ற சாமந்திக் குடும்பத்துப் பூவில் ஒரு தலையை ஒன்றாக எண்ணுங்கள், உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட சிறுபூக்கள் இருந்தாலும். மூன்று சிற்றிலை கொண்ட க்ளோவர் செடியிலும் ஒரு கொத்து ஒன்றுதான். எப்படி எண்ணினீர்கள் என்பதை ஒருமுறை எழுதிவிட்டு, பருவம் முழுதும் அதையே பின்பற்றுங்கள்.

பிறகு கடிகாரத்தைத் தொடங்கி, பூவின் மீது இறங்கும் பூச்சியை மட்டும் எண்ணுங்கள். இலையில் வெயில் காய்வதும் மேலே கடந்து போவதும் கணக்கில் வராது. ஒரே பூச்சி ஏழு பூவுக்குப் போனாலும் ஒன்றுதான். போய்விட்டு வந்தது அதே பூச்சி என்று நிச்சயமாகத் தெரிந்தால் மீண்டும் எண்ண வேண்டாம், சந்தேகம் என்றால் எண்ணுங்கள். இதில் எந்த விதி சிறந்தது என்று வாதிடலாம். விதியைப் பாதியில் மாற்றுவதுதான் கணக்கைக் கெடுக்கும்.

பெயர் தெரியாததற்காகத் தயங்க வேண்டாம். இனப்பெயர் இல்லாமலே பத்துக் கட்டங்கள் போதும்: வளர்ப்புத் தேனீ, பம்பிள் தேனீ (பருத்து ரோமம் அடர்ந்தது), தனித்தேனீ (கூட்டமாக வாழாமல் தனியே கூடு அமைப்பது), குளவி, பூ ஈ, மற்ற ஈ, பட்டாம்பூச்சியும் அந்துப்பூச்சியும், வண்டு, 3 மி.மீ.க்கும் சிறிய பூச்சி, தெரியாதது. கடைசிக் கட்டத்தை நிரப்பத் தெரிந்தவரின் ஏடுதான் நம்பத்தக்கது. அந்தக் கட்டமே இல்லாவிட்டால் தெரியாததெல்லாம் “தேனீ” ஆகிவிடும்.

தேனீயா, ஈயா?

தொடக்கத்தில் எண்ணுகிறவர்கள் தேனீ என்று எழுதுவதில் கணிசமானவை ஈக்கள். கறுப்பு மஞ்சள் பட்டை போட்டுக்கொண்டு குளவியைப்போல நடிக்கும் பூ ஈக்கள் எவரையும் ஏமாற்றும். பட்டையைப் பார்க்காமல் தலையைப் பாருங்கள். ஈக்கு முகத்தின் பெரும்பகுதி கண்தான். உணர்கொம்பு குட்டையாக, இருக்கிறதா என்று தேட வேண்டியதாக இருக்கும். தேனீக்கு உணர்கொம்பு நீளம், முழங்கைபோல் மடங்கியிருக்கும், கண்கள் பக்கவாட்டில் நீள்வட்டமாக அமைந்திருக்கும். இறக்கை எண்ணிக்கையை நம்பாதீர்கள். ஈக்கு இரண்டு, தேனீக்கு நான்கு என்பது உண்மைதான். ஆனால் தேனீயின் முன்னிறக்கையும் பின்னிறக்கையும் நுண்ணிய கொக்கிகளால் கோத்துக்கொள்வதால் களத்தில் இரண்டாகவே தெரியும். காற்றில் ஆணியடித்தாற்போல் ஒரே இடத்தில் நின்று, சட்டென்று பக்கவாட்டில் நழுவுவது பெரும்பாலும் பூ ஈ. அதிலும் லென்ஸில் தெரியும் ஓர் அழகு உண்டு: பல இனங்களில் ஆணின் இரு கண்களும் உச்சியில் ஒட்டியிருக்கும், பெண்ணின் கண்களுக்கு இடையில் இடைவெளி இருக்கும்.

தேனீ என்று உறுதியானால், மகரந்தத்தை எங்கே சுமக்கிறது என்று பாருங்கள். பின்காலில் ஈரமாக உருட்டி வைத்த பளபளப்பான உருண்டை என்றால் வளர்ப்புத் தேனீ அல்லது பம்பிள் தேனீ. பின்கால் முழுதும் உலர்ந்த மாவு அப்பியதுபோல் இருந்தால் மண்ணில் குடையும் தனித்தேனீயாக இருக்க வாய்ப்பு அதிகம். வயிற்றின் அடிப்பக்கம் மட்டும் மஞ்சளாக இருந்தால் அது இலைவெட்டித் தேனீயின் குடும்பம். எங்குமே மகரந்தம் இல்லையென்றால் ஆணாக இருக்கலாம், பிறர் கூட்டில் முட்டையிடும் ஒட்டுண்ணித் தேனீயாக இருக்கலாம், அல்லது அப்போதுதான் புறப்பட்ட பெண்ணாக இருக்கலாம். ஆகவே சுமை இல்லாததை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இளவேனிலின் முதல் வாரங்களில் பெரிய பம்பிள் தேனீ ஒன்று தரையை ஒட்டி வளைந்து வளைந்து பறந்து, புல்லடியிலும் வேரிடுக்கிலும் நுழைந்து வெளியேறுவதைக் காணலாம். அது பூ தேடவில்லை. குளிர்காலத்தை மண்ணுக்குள் தனியே கழித்த ராணி, எலி விட்டுப்போன வளை போன்ற இடத்தைக் கூடுகட்டத் தேடுகிறாள். பறக்கும் தசைகளை நடுங்கவைத்து உடலைச் சூடாக்கிக்கொள்ள முடிவதால், மற்ற தேனீக்கள் வெளிவராத குளிரிலும் அவளைப் பார்க்கலாம். அதே ராணி பின்காலில் மகரந்தத்தோடு தென்படும் நாளைத் தனியாகக் குறித்துவையுங்கள். கூடு அமைந்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று. சில வாரங்களில் அவளைவிடச் சிறிய வேலைக்காரிகள் வரத் தொடங்குவார்கள், ராணி வெளியே வருவதை நிறுத்துவாள். ஒரு பருவத்தில் மூன்று தேதிகள்: தேடும் ராணி, சுமக்கும் ராணி, முதல் வேலைக்காரி. வெறும் தலைக்கணக்கைவிட இந்த மூன்றும் அதிகம் சொல்லும்.

இருட்டிய பின்னும் ஒருமுறை போய்ப் பாருங்கள். டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டினால் அந்துப்பூச்சிகள் அவ்வளவாகக் கலையாது.

வெற்று மண்ணைப் படிப்பது

உலகில் பெயரிடப்பட்ட தேனீ இனங்கள் 20,000க்கும் மேல். அவற்றில் ஏறத்தாழ 70 சதவீதம் மண்ணுக்குள் கூடு அமைப்பவை. ஆகவே செடி இல்லாத அந்த நான்கு விரற்கடை மண் வீணான இடமே இல்லை. வெயில் படும் சரிவில், காலை 10 மணி வாக்கில் குனிந்து பாருங்கள். பென்சில் நுழையும் அளவோ அதைவிடச் சிறியதோ ஆன துளை, சுற்றிலும் எரிமலை வாய்போல் குவிந்த தூள்மண். இதுதான் தனித்தேனீயின் வாசல். எறும்புப் புற்றிலும் தூள்மண் குவியும், ஆனால் அங்கே நிமிடத்துக்குள் எறும்பு நடமாட்டம் தெரிந்துவிடும். மழைக்கு மறுநாள் பார்ப்பது சிறந்தது. பழைய குவியல் கரைந்து, புதிதாகத் தோண்டியது மட்டும் நிற்கும்.

ஒரு பாதுகாப்பு விதி. பல துளைகள், ஒவ்வொன்றிலும் ஒற்றைத் தேனீ போய்வருகிறது என்றால் தனித்தேனீக் குடியிருப்பு, பக்கத்தில் அமரலாம். ஆண்களுக்குக் கொடுக்கே கிடையாது, பெண்களும் கையில் பிடித்து நசுக்கினாலொழியக் கொட்ட வருவது அரிது. ஒரே துளையில் விடாமல் பல பூச்சிகள் போவதும் வருவதுமாக இருந்தால் அது குளவிக்கூடாகவோ பம்பிள் தேனீக் கூடாகவோ இருக்கும். ஓசையில்லாமல் பின்வாங்கி, சில மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். கொட்டினால் ஒவ்வாமை உள்ளவர்கள் மருந்தில்லாமல் இந்த வேலைக்குப் போகக்கூடாது.

துளைகளுக்கு மேலே இன்னும் இரண்டு வகையினரைத் தேடுங்கள். சிவப்பும் மஞ்சளுமாகக் குளவிபோல் மெலிந்து, மண்ணை மோந்தபடி தாழப் பறப்பது ஒட்டுண்ணித் தேனீ. சொந்தக்காரி இல்லாத நேரத்தில் உள்ளே போய் முட்டையிடும். உடலெல்லாம் பழுப்பு ரோமம், முன்னால் ஊசிபோல் நீட்டிய உறிஞ்சுகுழல் உள்ள ஈ துளைக்கு மேல் நின்றபடி பின்னுடலை உதறினால், அது முட்டைகளைத் துளைப்பக்கம் எறிகிறது. இரண்டும் தேனீக்கு எதிரிகள் என்பதால் விரட்டத் தோன்றும். விரட்டாதீர்கள். எதிரியைத் தாங்கும் அளவுக்குக் குடியிருப்பு பெரிதாக இருக்கிறது என்பதே இதன் பொருள்.

தரைச்செடிகள்

ஒரு செடி எவ்வளவு பரப்பை மூடியிருக்கிறது என்பதைக் கண்மதிப்பில் சொன்னால், பளிச்சென்ற பூவுள்ள செடிக்கு அதிகமும் மங்கலான பாசிக்குக் குறைவும் எழுதிவிடுவோம். சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் 10 செ.மீ. இடைவெளியில் நூலால் பிரியுங்கள். 25 கட்டங்கள் கிடைக்கும், ஒவ்வொன்றும் 4 சதவீதம். ஒரு செடி ஆறு கட்டங்களை முழுதாக நிரப்பினால் 24 சதவீதம், பாதி நிரம்பிய கட்டத்துக்கு 2. வெற்று மண், உதிர்ந்த இலை, பாசி ஆகியவற்றையும் அதேபோல் கணக்கிடுங்கள். ஒன்றின்மேல் ஒன்று படர்வதால் மொத்தம் 100ஐத் தாண்டலாம், பிழையில்லை. 100க்குக் குறைந்தால்தான் எதையோ விட்டுவிட்டீர்கள். இதை வாரம்தோறும் செய்ய வேண்டாம், மாதம் ஒருமுறை போதும். அடிக்கடி குனிந்து தொட்டால் செடி மிதிபடும்.

பெயர் தேடும்போது இலையை மட்டும் படமெடுத்தால் பாதிக்குமேல் தவறாகப் போகும். தண்டை விரலில் உருட்டிப் பாருங்கள்: நாற்கோணத் தண்டு, எதிரெதிர் இலை, உதடுபோல் பிளந்த பூ மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் துளசிக் குடும்பம். தண்டு தரையைத் தொடும் கணுவில் வேர் விட்டிருக்கிறதா, கிள்ளினால் பால் வருகிறதா, கசக்கினால் மணக்கிறதா, ரோமம் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். க்ளோவரையும் புளியாரையையும் குழப்பிக்கொள்வது சாதாரணம், இரண்டுக்கும் மூன்று சிற்றிலை. புளியாரையின் சிற்றிலை நுனியில் ஆழமாக வெட்டுண்டு இதய வடிவில் இருக்கும். க்ளோவரின் சிற்றிலை முட்டை வடிவில், பல நேரம் வெளிறிய பிறை அடையாளத்தோடு இருக்கும். வெப்ப நிலங்களில் நல்ல தரைமூடி என்றால் பொடுதலை: கணுவுக்குக் கணு வேர்விட்டுப் பாய்போல் படரும், விரல்நுனி அளவுள்ள தலையில் சிறுபூக்கள் அடியிலிருந்து மேலாக வளையம் வளையமாக மலரும்.

பூவின் மீதே எழுதப்பட்ட வரவுக்கணக்கும் உண்டு. வெள்ளைக் க்ளோவர் கொத்தில் மகரந்தச் சேர்க்கை முடிந்த சிறுபூக்கள் பழுப்பேறிக் கீழ்நோக்கி மடங்கிவிடும், மற்றவை நிமிர்ந்து நிற்கும். நீங்கள் இல்லாத நேரத்தில் பூச்சி வந்ததா என்பதை மடங்கியவற்றை எண்ணிச் சொல்லிவிடலாம். நீண்ட குழல் பூக்களின் அடியில் லென்ஸில் சிறு கீறலோ துளையோ தெரிந்தால், குட்டை நாக்குள்ள தேனீ வாசல் வழியாகப் போகாமல் சுவரைக் கடித்துத் தேனெடுத்திருக்கிறது. அந்த வருகையால் பூவுக்குப் பெரும்பாலும் பயனில்லை. எண்ணும்போது “திருட்டு” என்று தனியாகக் குறியுங்கள்.

வயலட் செடி பூத்து ஓய்ந்த பின்னும் விதைக்கூடு வந்துகொண்டே இருப்பது பலருக்குப் புதிராக இருக்கும். பருவத்தின் பிற்பகுதியில் அது விரியாத பூக்களை இலைக்கடியில் உண்டாக்கி, பூச்சி இல்லாமலே தன்னுள் விதை பிடிக்கிறது. அந்த விதைகளில் கொழுப்பு நிறைந்த ஒரு சதைத்துண்டு ஒட்டியிருக்கும். எறும்பு அதற்காக இழுத்துப்போய், சதையைத் தின்றுவிட்டு விதையைப் போட்டுவிடும். வயலட் திடீரென்று நடைபாதை இடுக்கில் முளைத்தால் எறும்புச் சாரியைப் பின்தொடர்ந்து பாருங்கள்.

இன்னொரு பொறி: டேன்டேலியன் பூ மேகமூட்டத்திலும் மாலையிலும் மூடிக்கொள்ளும். மூடிய பூக்களைச் சேர்த்து எண்ணிவிட்டு “வருகை பூஜ்யம்” என்று எழுதக்கூடாது. திறந்தவை எத்தனை, மூடியவை எத்தனை என்று பிரித்து எழுதுங்கள்.

காளான்கள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இது கவனிப்பதற்கான வழிகாட்டி, உண்பதற்கானது அல்ல. இங்குள்ள எந்த அடையாளத்தையும் வைத்து எதையும் சமைக்க வேண்டாம். காளான் சாவுகளில் பெரும்பங்கு அமானிட்டா இனங்களால் வருபவை. அவற்றின் நஞ்சைச் சமையல் சூடு அழிக்காது, உண்டு 6 மணி நேரத்துக்குப் பிறகே பெரும்பாலும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும், பிறகு சரியாகிவிட்டதுபோல் ஓர் இடைவேளை வரும், அதற்குள் கல்லீரல் சிதைந்துகொண்டிருக்கும். வெள்ளிக்காசு கறுக்காவிட்டால் நல்லது, புழு தின்றால் நல்லது, தோல் உரிந்தால் நல்லது என்ற சோதனைகள் அனைத்தும் பொய். குழந்தை யாரேனும் தின்றுவிட்டால் அறிகுறிக்குக் காத்திருக்காமல், மீதமுள்ள காளானோடு மருத்துவமனைக்குப் போங்கள். தொடுவதால் ஆபத்தில்லை. கையைக் கழுவினால் போதும்.

நாம் காளான் என்பது மண்ணுக்குள்ளோ மரத்துக்குள்ளோ பரவிய பூசண இழைகளின் கனி மட்டுமே. நல்ல மழைக்குப் பின் மூன்றாம் நாள் முதல் ஒரு வாரம் வரை அடிக்கடி போங்கள். மைத்தொப்பிக் காளான் போன்றவை காலையில் முளைத்து மறுநாள் கறுத்து ஒழுகிவிடும், வாரம் ஒருமுறை போகிறவர் அதைப் பார்க்கவே மாட்டார். மாறாக, மரத்தில் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும் தட்டுக் காளான் ஆண்டுக்கணக்கில் நிற்கலாம், அதை வைத்துப் பருவத்தைச் சொல்ல முடியாது.

கண்டதும் பறிக்காதீர்கள். பறித்த மறுகணம் பாதி விவரம் போய்விடும். எதன் மீது நிற்கிறது என்று முதலில் எழுதுங்கள்: மண், கட்டை, சாணம், புல்லடி, மரத்தூள். மண்ணில் நிற்பதுபோல் தோன்றினாலும் அடியில் புதைந்த கட்டை இருக்கலாம், விரலால் லேசாகத் துழாவிப் பாருங்கள். மூன்று மீட்டருக்குள் என்ன மரம் என்பதும் வேண்டும், ஏனென்றால் பல காளான்கள் குறிப்பிட்ட மர வேர்களோடு கூட்டு வாழ்க்கை நடத்துபவை. குடையின் அடிப்பக்கத்தைப் பார்க்கத்தான் அந்தச் சின்னக் கண்ணாடி: கீழே நீட்டினால் செவுளா (மெல்லிய தகடுகளின் வரிசை), துளையா, முள்ளா என்பது தெரியும். செவுள் தண்டைத் தொடுகிறதா, விட்டு நிற்கிறதா, தண்டில் வழிந்து இறங்குகிறதா என்பதையும் குறியுங்கள்.

பலவாக முளைத்திருந்தால் மட்டும் ஒன்றை எடுக்கலாம். கத்தியால் தரைமட்டத்தில் வெட்டுவது பெரிய பிழை. அமானிட்டாவை அடையாளம் காட்டும் பைபோன்ற அடியுறை மண்ணுக்குள் இருக்கும், வெட்டினால் அது அங்கேயே தங்கிவிடும். சுற்றிலும் தோண்டி முழுதாக எடுங்கள். காகிதத்தில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள், பிளாஸ்டிக் பையில் வியர்த்து மாலைக்குள் அழுகும்.

ஸ்போர் என்பது விதைபோலக் காளான் உதிர்க்கும் நுண்தூள். அதன் தடம் எடுப்பது வீட்டில் செய்யும் வேலை. தண்டைக் குடையின் அடியில் வெட்டி, குடையைச் செவுள் கீழாக வைத்து, மேலே ஒரு குவளையைக் கவிழ்த்து 6 முதல் 12 மணி நேரம் விடுங்கள். காகிதத்தில் பாதி வெள்ளையும் பாதி கறுப்புமாக இருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் மட்டும் வைத்தால் வெள்ளை ஸ்போர் கண்ணுக்குத் தெரியாமல், “தடமே விழவில்லை” என்று குப்பையில் போடுவீர்கள். குடை உலர்ந்திருந்தால் உச்சியில் ஒரு சொட்டு நீர் விடுங்கள். விரியாத மொட்டும் முற்றி வாடியதும் தடம் தராது. கிடைத்த நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளை என்றால் அமானிட்டா உட்படப் பல குடும்பங்கள், இளஞ்சிவப்பு என்றால் என்டொலோமா, புளூட்டியஸ் பேரினங்கள், துருப்பழுப்பு என்றால் கார்ட்டினேரியஸ் பேரினம், சாக்லெட் பழுப்பு என்றால் வயல்காளான் இனம், கறுப்பு என்றால் பெரும்பாலும் மைத்தொப்பிகள். பச்சை விழுந்தால் வெப்பப் பகுதிப் புல்வெளிகளில் வளரும் குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ். வெண்குடையாக அழகாக நிற்கும், உண்டவரைக் கடுமையாக வாந்தியெடுக்க வைக்கும்.

குளிர்நிலங்களில் இளவேனிலுக்கே உரியது மொரெல் காளான். தேன்கூடுபோல் குழிகள் நிறைந்த தலை, நெடுக்காக அறுத்தால் உச்சி முதல் அடி வரை ஒரே வெற்றிடம். அதே காலத்தில் முளைக்கும் போலி மொரெலின் தலை மூளைபோல் மடிப்பு மடிப்பாக இருக்கும், உள்ளே அறைகள் இருக்கும், நஞ்சு உண்டு. மரத்தூள் பரப்பில் ஒரு செ.மீ.க்கும் குறைந்த கிண்ணங்களும் உள்ளே தட்டையான முட்டைகளும் தெரிந்தால் பறவைக்கூட்டுக் காளான். மழைத்துளி கிண்ணத்தில் விழும் வேகத்தில் முட்டைகள் வெளியே தெறிக்கும், நீங்களே ஒரு சொட்டு நீர் விட்டும் பார்க்கலாம். அதே மரத்தூளில் ஒரே இரவில் பரவும் மஞ்சள் கூழ் காளானே இல்லை, அது சளிப்பூஞ்சை எனப்படும் வேறு உயிர். புல்வெளியில் வட்டமாக முளைத்தால் நான்கு பக்கமும் ஆணியடித்துவையுங்கள், அடுத்த ஆண்டு வளையம் எவ்வளவு வெளியே நகர்ந்தது என்று அளக்கலாம்.

மூன்றும் சந்திக்கும் இடம்

ஒரே சதுரத்தைக் கவனிப்பதன் பலன் இங்கேதான் வரும். பூப்போலத் தெரிவதெல்லாம் பூ அல்ல. வட அமெரிக்க மலைகளில் போச்செரா என்ற கடுகுக் குடும்பத்துச் செடியைப் பற்றும் பக்சினியா மோனொயிகா என்ற துரு பூசணம், செடியைப் பூக்கவிடாமல் உச்சி இலைகளை மஞ்சள் கொத்தாக்கி, அதில் இனிப்பு நீரையும் மணத்தையும் சுரக்கச் செய்கிறது. ஈக்களும் தேனீக்களும் பூவென்று நம்பி வந்து, பூசணத்தின் இனப்பெருக்க அணுக்களைச் சுமந்து செல்கின்றன. ஐரோப்பாவில் சைப்ரஸ் ஸ்பர்ஜ் என்ற கள்ளி இனத்துச் (யூஃபோர்பியா) செடியிலும் இதேபோன்ற துரு பூசணப் பொய்ப்பூ உண்டு. ஆகவே இதழ் இல்லாத மஞ்சள் கொத்தில் ஈ உட்கார்ந்தால் லென்ஸை எடுங்கள்: இலையின் மேல் வரிசையாகப் புள்ளிகளும் பிசுபிசுப்பும் தெரிகிறதா?

சைலீன் செடிகளின் பூவில் மகரந்தப் பைகள் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ இல்லாமல் கரித்தூள்போல் கருஊதாவாக இருந்தால் அது கரிப்பூட்டை நோய். மகரந்தம் இருக்க வேண்டிய இடத்தில் பூசண ஸ்போர் நிற்கிறது, அந்துப்பூச்சியும் தேனீயும் அதைப் பூவுக்குப் பூ கொண்டு போகின்றன. அந்தப் பூவைத் தொட்டுவிட்டு அடுத்த பூவைத் தொடாதீர்கள்.

புல்நுனியிலோ பூத்தலையிலோ ஓர் ஈ இறக்கையை விரித்து உயர்த்தியபடி அசையாமல் ஒட்டியிருந்தால், வயிற்றைப் பாருங்கள். வளையங்களுக்கு இடையில் வெள்ளைப் பட்டைகள் பிதுங்கினால் என்டமாஃப்தோரா பூசணம் கொன்ற ஈ. சாகுமுன் உயரத்துக்கு ஏறவைத்து, அங்கிருந்து ஸ்போரை எறிகிறது. பத்து நிமிட எண்ணிக்கையில் இதை உயிருள்ள வருகையாக எண்ணிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு, ஐந்து நிமிடமாக நகராத ஈயை ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள்.

நிழற்காடுகளில் சேனைக்கிழங்குக் குடும்பத்தைச் சேர்ந்த அரிசேமாவின் பாளைக்குள் எட்டிப் பார்க்கலாம். அதற்கு மகரந்தம் சுமப்பவை காளானில் வளரும் பூசணக் கொசுக்கள். ஆண் பாளையின் அடியில் வெளியேறச் சிறு இடைவெளி இருக்கும், பெண் பாளையில் அது இராது. பல செடிகளில் செத்த கொசுக்கள் பாளையின் அடியில் கிடப்பதைக் காணலாம்.

ஏட்டில் எழுதுவது

ஒரு வருகைக்கு இவ்வளவு இருந்தால் போதும்:

ஏப்ரல் 14, காலை 11.10. 16 டிகிரி, கால்வாசி மேகம், இலை அசையும் காற்று. நேற்று முன்தினம் மழை. டேன்டேலியன் 9 திறந்தவை, 2 மூடியவை. 10 நிமிடம்: பூ ஈ 4, தனித்தேனீ 2 (காலில் மஞ்சள் மாவு), பம்பிள் 0, தெரியாதது 1. மண்துளை 3, புதியது 1. காளான் இல்லை.

அந்தப் பூஜ்யமும் “இல்லை”யும்தான் அதிகம் விடுபடுபவை. எழுதாத நாளை, போகாத நாளா, போயும் காணாத நாளா என்று பின்னால் பிரித்தறிய முடியாது. ஒப்பிடும்போது வருகையைத் திறந்த பூக்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 9 பூவில் 7 வருகையும் 40 பூவில் 12 வருகையும் இருந்தால் இரண்டாவது நாள் கூட்டம் அதிகம் என்று தோன்றும். பூவொன்றுக்கு என்று பார்த்தால் முதல் நாள்தான் இரண்டு மடங்குக்கும் மேல்.

படங்களில் அளவுகோல் ஒன்று இருக்கட்டும். பூச்சிக்கு மேலிருந்தும் பக்கவாட்டிலும் முகத்தையும், காளானுக்குக் குடை, செவுள், அடி, நெடுக்குவெட்டு, சுற்றுப்புறம் ஆகியவற்றையும் எடுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகள் தரும் முதல் பெயரை அப்படியே ஏற்காதீர்கள். தனித்தேனீக்களிலும் பழுப்புநிறச் சிறு காளான்களிலும் படத்தை மட்டும் வைத்து இனம் வரை போவது பல நேரம் முடியாத காரியம். பேரினத்தோடு நிறுத்திய பதிவு சரியான பதிவு.

பருவம் முடிந்ததும் முளைகளைப் பிடுங்குவதற்கு முன், அசையாத இரண்டு பொருள்களிலிருந்து, சுவர் மூலையோ மரமோ, சதுரத்தின் ஒவ்வொரு முனைக்கும் உள்ள தூரத்தை நாடாவால் அளந்து ஏட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். எட்டு அளவுகள். அடுத்த இளவேனிலில் செடியெல்லாம் மாறியிருக்கும், அதே அரை மீட்டரை அந்த எட்டு எண்களை வைத்துத்தான் மீண்டும் கண்டுபிடிக்க முடியும்.